சாய்ந்த சடச்சியும் நான் போட்ட கையெழுத்தும்

பட்டறைத் தம்பிகளே, பச்சை மரத்தில் வளைவு எடுப்பது எப்படி என்று எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். அதை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. நூறு நாற்காலிக் கால்களைச் சீவிக் கெடுத்த பிறகு உங்கள் கையே அதைத் தெரிந்துகொள்ளும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு மரத்தைப் பற்றி எழுதுகிறேன். என் வாய்ச்சொல்லால் ஒருவருடைய கால் போனது. என் கையெழுத்தால் அவருடைய வீடு போகவிருந்தது. பட்டறையில் பலருக்கு இது அரைகுறையாகத் தெரியும். முழுதாகத் தெரிந்தவர்களில் இப்போது நான் மட்டுமே இருக்கிறேன்.

வண்டிப்பெரியாரிலிருந்து மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில்தான் நம் பட்டறை தொடங்கியது. அப்போது அது தகரம் போட்ட ஒரு கொட்டகை. எனக்கு முப்பத்தைந்து வயது, நாற்காலி மேஸ்திரி என்ற பெயர். மற்ற தச்சர்கள் காய்ந்த பலகையை வாங்கி அறுத்து நாற்காலி செய்தார்கள். நாங்கள் வெட்டிய ஈரத்தோடு மரத்தைப் பிளந்து, நார் ஓடிய வழியிலேயே சீவி எடுத்தோம். முதுகு சாய்கிற வளைவையும் கை வைக்கிற வளைவையும் காட்டில் நிற்கிற மரத்திலேயே தேடினோம். சரிவில் சாய்ந்து வளர்ந்து, பிறகு வெளிச்சத்தைப் பார்த்து நிமிர்ந்த மரம் ஒன்று கிடைத்தால் அதில் இரண்டு நாற்காலிகளின் முதுகு ஏற்கெனவே இருக்கும். பார்த்தவர்கள் அவற்றை நாற்காலி என்று சொல்லத் தயங்குவார்கள். ஏதோ ஓர் உயிர் குனிந்து உட்கார்ந்திருக்கிறது என்பார்கள். அந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு மரம் வெட்டித் தந்தவரை எல்லாரும் கோடாலிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய பெயரை எங்கேயும் எழுதக் கூடாது என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அதனால் இங்கேயும் எழுதவில்லை. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு மலையேறி வந்தவர். மனைவி ஞானம்மாள் கொழுந்து எடுப்பவர். மூன்று பிள்ளைகள். லயம் என்கிற தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி அறை அவர்களுடையது. அவர் அதிகம் பேசமாட்டார். கோடாலியைத் திருப்பிப் பிடித்து மரத்தைத் தட்டிப் பார்த்து, நார் எந்தப் பக்கம் முறுக்கி ஓடுகிறது என்று சொல்லுவார். அவர் சொன்னது பிசகி நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் தோட்டத்தை நடத்திய துரையின் பங்களாவுக்குக் கம்பெனியின் பெரிய துரை வருவதாக இருந்தது. வராந்தாவில் போட ஆறு நாற்காலிகள் வேண்டும் என்று உத்தரவு. நான்கு முடித்துவிட்டேன். மற்ற இரண்டுக்கும் முதுகு கிடைக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. நாட்கள் ஓடின. அப்போதுதான் ஓடைக்கு மேலே அந்தச் சடச்சி மரத்தைக் கண்டேன். பாறை ஓரத்தில் ஓடையைப் பார்த்துச் சாய்ந்து, நடுவில் அழகாக வளைந்து மேலே எழும்பியிருந்தது. சடச்சி வளைந்து கொடுக்கும், ஒடியாது. அதற்கு மேல் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

மறுநாள் காலை கோடாலிக்காரரோடும் கயிறு பிடிக்க இரண்டு ஆட்களோடும் போனேன். அவர் மரத்தை இரண்டு தடவை சுற்றி வந்தார். தட்டினார். கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"மேஸ்திரி, இது இன்னைக்கு வேண்டாம்" என்றார்.

"ஏன்? மழைதான் விட்டிருக்கே."

"மழைக்குச் சொல்லல. இது ரொம்பச் சாஞ்சு நிக்கி. பாதி வெட்டுதப்பவே மரம் நெடுக்கப் பொளந்து பின்னால அடிக்கும். வெட்டுக்கு மேல இரும்புச் சங்கிலி போட்டு இறுக்கிக் கட்டணும். சங்கிலி பேக்டரியில கெடக்கு. நாளைக்கு எடுத்தாந்து வெட்டுவோம்."

அவர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. நன்றாகப் புரிந்தது. ஆனால் சங்கிலியைப் பேக்டரியில் கேட்டால் அங்கே இருக்கும் என்ஜின் மேஸ்திரி தர ஒருநாள் இழுப்பார். அதற்குள் மழை திரும்பிவிடும். வெட்டிய மரத்தைப் பிளந்து சீவி வளைவு நிற்க வைக்க வேண்டிய நாள் குறையும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

"கயித்தப் போட்டுக் கட்டிக்கிடலாம்" என்றேன்.

"கயிறு தாங்காது."

"ஒரு மரத்துக்கு இத்தன பேச்சா? நீரு வெட்டாட்டி வேற ஆளு வெட்டுவான். அப்பறம் காட்டு வேலைக்கு அவனையே வச்சிக்கிடுதேன்."

தம்பிகளே, நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். நான் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. மூன்று பிள்ளைகள் இருக்கிற ஒருவரிடம் அப்படிச் சொன்னால் அவர் கோடாலியை எடுப்பார் என்று எனக்குத் தெரியும். எடுத்தார்.

கயிற்றை நான்கு சுற்றுச் சுற்றிக் கட்டினோம். அவர் மரம் விழ வேண்டிய ஓடைப் பக்கம் வாய் வெட்டி, பின் பக்கத்துக்கு வந்தார். இருபது வெட்டு இருக்கும். பெரிய வேட்டுப் போட்டது போல ஒரு சத்தம். கயிறு அறுந்து பறந்தது. அடிமரம் நடுவாகப் பிளந்து, ஒரு பாதி வேரோடு நிற்க, மறுபாதி பின்னால் உதைத்து எழும்பி, அப்படியே சறுக்கி விழுந்தது. அவர் துள்ளி விலகத்தான் பார்த்தார். சேறு விடவில்லை. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் மல்லாந்து கிடந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே பாறைக்கும் மரத்துக்கும் நடுவே இருந்தது.

மரத்தின் தலை ஓடைப் பக்கம் சரிவில் தொங்கிக்கொண்டிருந்தது. அடி அவர் காலின்மேல். நடுமரம் ஒரு பாறையில் முட்டி வில் மாதிரி வளைந்து நின்றது. கயிறு பிடித்த ஆட்களில் ஒருவர் ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அடியை அறுத்து எடுத்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ரம்பத்தை வாங்கி மரத்தின்மேல் வைத்தேன்.

அவர் கண்ணைத் திறந்தார். உதடு வெளுத்திருந்தது. ஆனால் குரல் தெளிவாக வந்தது.

"அறுக்காதீங்க. அறுத்தா தலப்பாரம் விட்டுப்போயி அடி துள்ளும். எம் மேல வரும்."

"பொறவு என்ன செய்ய? தூக்கவும் முடியாதுல்லா?"

"பொளங்க. உங்க வேலதான். நாரு எடப்பக்கமா ஓடுது. காலு மேல கெடக்குதத மட்டும் தனியாப் பிரிங்க. மிச்சம் அந்தால ஓடையில போவட்டும்."

என்னிடம் மூன்று இரும்பு ஆப்புகளும் ஒரு கொட்டாப்புளியும் இருந்தன. அடிமுகத்தில் நாரைப் பார்த்தேன். அவர் சொன்னபடிதான் ஓடியது. முதல் ஆப்பை வைத்து ஓங்கினேன். ஆப்பின்மேல் அடி விழுந்ததும் அவர் அலறினார். கொட்டாப்புளி கையில் நின்றுவிட்டது.

"நிறுத்தாதீங்க" என்றார். "ஆனா ஓங்கி அடிக்காதீங்க. ஓங்கி அடிச்சா பொளவு இங்கிட்டு ஓடி வந்துரும். மெள்ள."

மெல்லத் தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் பிளவு ஒரு விரல்கடை ஓடும். நின்று பார்ப்பேன். காலின் பக்கம் திரும்புவதுபோல் தெரிந்தால் எதிர்ப்பக்கம் கடப்பாறையைக் கொடுத்து நெம்பி, திரும்பவும் நேராக்குவேன். அடுத்த ஆப்பு. மறுபடி தட்டு. மழை திரும்பவும் தூற ஆரம்பித்தது. ஓடு, சீக்கிரம் முடி என்று கை சொல்லிக்கொண்டே இருந்தது. காலையில் எந்த அவசரத்துக்கு நான் இடம் கொடுத்தேனோ, அதே அவசரம். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் அதைக் கையிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. மூன்றாவது ஆப்பு உள்ளே போனதும் மரம் ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் போட்டுப் பிரிந்தது. பெரிய துண்டு ஓடைப்பக்கம் சரிந்து போனது. காலின்மேல் பலகை கனத்துக்கு ஒரு சிம்பு மட்டும் கிடந்தது. இரண்டு பேர் நெம்பித் தூக்க, நான் அவரை இழுத்து எடுத்தேன்.

கம்பளியில் கட்டிச் சுமந்து தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனோம். கம்பவுண்டர் பார்த்துவிட்டு, தன்னால் ஆகாது என்று மாட்டுவண்டியில் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் அவருடைய இடது காலை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. உயிர் தங்கியது.

அதற்கு அடுத்த வாரம் ஆபீஸ் ரைட்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். விபத்து நடந்தது எப்படி என்று கம்பெனிக்கு எழுதிய அறிக்கை. மரம் வெட்டியவர் உரிய கவனம் எடுக்காததால் மரம் பிளந்து காயம்பட்டது என்று அதில் இருந்தது. சாட்சி என்ற இடத்தில் என் பெயர்.

"இப்படி எழுதினாத்தான் யாருக்கும் தொந்தரவில்ல" என்றார் ரைட்டர். "உமக்கும் நல்லது."

நான் அதை இரண்டு தடவை வாசித்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். ஓடையில் விழுந்த அந்த மரத்திலேயே மற்ற இரண்டு முதுகையும் எடுத்து, ஆறு நாற்காலிகளையும் முடித்துக் கொடுத்தேன். பெரிய துரை வந்து போனார். எல்லாருக்கும் சந்தோஷம்.

அந்தச் சடச்சியில் காலின்மேல் கிடந்த சிம்பு மட்டும் பட்டறையில் ஒரு மூலையில் சாய்ந்து நின்றது. அதை முதுகாக வைத்துக் கோடாலிக்காரருக்கு ஒரு நாற்காலி செய்வது என்று முடிவு செய்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக வேறொன்றைச் செய்ததில்லை. ஒரு கால் இல்லாதவர் எழுந்து உட்காரும்போது எந்தப் பக்கம் பாரம் கொடுப்பார் என்று யோசித்து வலது கைப்பிடியை நீட்டி வைத்தேன். முதுகு அவருடைய முதுகுக்கு. சிம்பின் வளைவை உளியால்கூடத் தொடாமல் அப்படியே விட்டேன். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய சேதி தெரிந்ததும் தலையில் சுமந்துகொண்டு லயத்துக்குப் போனேன்.

ஞானம்மாள் வாசலில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இத எந்த வீட்டுல போடச் சொல்லுதீய?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"மாசக் கடைசியில வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாவ. அவரு கவனமில்லாம வெட்டுனாராம். அதனால கம்பெனிக்குப் பொறுப்பில்லயாம். வேல செய்யாத ஆளுக்கு லயம் கெடையாதாம். நான் ஒருத்தி கொழுந்து எடுக்கதுக்கு அறை தர மாட்டாவளாம்."

உள்ளே இருட்டில் பாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவர் குரல் கொடுத்தார்.

"உள்ள வாங்க மேஸ்திரி."

போனேன். நாற்காலியை வாசலிலேயே வைத்துவிட்டேன்.

"அந்தக் காயிதத்துல நீங்க கையெழுத்துப் போட்டீயளா?"

"போட்டேன்."

"வாசிச்சுப் பாத்தா போட்டீய?"

வாசிக்காமல் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு எழுத்து தெரியாது. ரைட்டர் மேல் பழியைப் போட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"வாசிச்சுத்தான் போட்டேன்" என்றேன்.

வெளியே ஞானம்மாள் சாக்கின் வாயை இறுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப நாக்காலிய எடுத்துட்டுப் போங்க" என்றார். "உக்காந்து வேடிக்க பாக்க எனக்கு நாக்காலி எதுக்கு? வேல செய்ய ஒரு எடம் இருந்தாச் சொல்லுங்க."

அதைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது இரண்டு மடங்கு கனத்தது. வழியில் ஒரு தேயிலைப் பாத்தி ஓரமாக இறக்கி வைத்துவிட்டு நின்றேன். அவர் கேட்டது மன்னிப்பு இல்லை, உதவிகூட இல்லை, வேலை. நம் பட்டறையில் குதிரை என்று ஒரு பலகை வைத்திருக்கிறோமே, அதில் உட்கார்ந்து கீழே காலால் மிதித்தால் மேலே மரத்தைக் கவ்விப் பிடிக்கும். கை இரண்டும் சீவுவதற்கு இருக்கும். மிதிப்பதற்கு ஒரு கால் போதும். அவருக்கு அந்த ஒரு கால் இருக்கிறது. நாரை வாசிப்பதில் அவரைவிடத் தேர்ந்தவர் இந்த மலையில் யாரும் இல்லை. இது இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை. நான் அவரை உட்கார வைப்பதைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பங்களாவுக்குப் போனேன். துரை வராந்தாவில் நான் செய்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தார்.

"மேஸ்திரி, நல்ல சேர். ரொம்ப நல்ல சேர்" என்றார்.

"துரை, அந்த விபத்துக் காயிதத்துல நான் போட்ட கையெழுத்து பொய்" என்றேன். சங்கிலி கேட்டார், நான் தரவில்லை, வேலையை எடுத்துவிடுவேன் என்று மிரட்டி வெட்டச் சொன்னேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்ல எடுத்த நேரம் மிகக் கொஞ்சம். அத்தனை நாள் சுமந்தது அவ்வளவு சின்னதாக இருந்தது எனக்கே ஆச்சரியம்.

துரை எழுந்து வராந்தாவின் ஓரத்துக்குப் போய் நின்றார். கோபம் வந்திருந்தது. என் மேலா, நான் இதைக் கொண்டுவந்த நேரத்தின் மேலா, தெரியவில்லை.

"பேப்பர் கம்பெனிக்குப் போயாச்சு. மாத்த முடியாது."

"பேப்பர் கெடக்கட்டும் துரை. அவருக்குப் பட்டறையில வேல குடுங்க."

"ஒரு கால் ஆள் என்ன செய்யும்?"

"நான் செய்யுதத அவரு செய்வாரு. மரம் பாக்குறதுல என்னவிட நல்லாச் செய்வாரு."

"நீ இனி மேஸ்திரி இல்லை. தெரியுதா?"

"தெரியுது துரை."

"மூணு மாசம். வேலை சரி இல்லைன்னா ரெண்டு பேரும் போகணும்."

அவ்வளவுதான் தீர்ப்பு. அறிக்கை மாறவில்லை. எங்கோ ஒரு ஆபீஸ் பெட்டியில் அவர் கவனமில்லாத மனிதர் என்று என் கையெழுத்தோடு இன்றைக்கும் இருக்கும். அதை என்னால் திரும்ப எடுக்க முடியவில்லை. தப்பை ஒப்புக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களில் யாராவது நினைத்தால், அப்படி ஆகாது. ஒரு பகுதி சரியாகும். மீதி அப்படியே கிடக்கும். அந்த ஒரு பகுதிக்காகவே போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவருக்காகக் குதிரையின் மிதியை வலப்பக்கம் தள்ளி வைத்தேன். ஊன்றுகோலோடு வந்து உட்கார்ந்தார். முதல் மாதம் கையெல்லாம் கொப்புளம். இரண்டாம் மாதம் அவர் சீவிய கால்கள் என்னுடையவற்றைப் போல இருந்தன. மூன்றாம் மாதம் நான் பிளந்து வைத்த ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "நாரு வெட்டுப்பட்டிருக்கு, இது நிக்காது" என்று அடுப்பு விறகோடு போட்டார். புது மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் விறகிலிருந்து அதை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. திரும்பவும் விறகிலேயே போட்டேன்.

அந்த மூன்று மாதம் பதினான்கு வருஷமாக நீண்டது. எங்கள் இரண்டு குதிரைகளும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. அவருடைய பிள்ளைகள் அதே லயத்து அறையில்தான் வளர்ந்தார்கள். நான் மேஸ்திரி இல்லாமல் போன நாளிலிருந்து அவர் என்னை நீங்க என்று சொல்வதை விட்டுவிட்டார். சமமான ஆளைக் கூப்பிடுவதுபோல நீரு என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அந்த மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்காகச் செய்த நாற்காலியும் பட்டறையிலேயே இருந்தது. வருகிறவர்கள் போகிறவர்கள் உட்காருவார்கள். அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

ஒரு மழைக்கால மத்தியானம், கஞ்சி குடித்துவிட்டு இருவர் மட்டும் இருந்தோம். எனக்கு அன்றைக்கு என்னவோ, கேட்டுவிட்டேன்.

"எம் மேல உமக்கு இன்னும் வருத்தம் இருக்கா?"

அவர் கையிலிருந்த கத்தியைத் துடைத்து வைத்தார்.

"இருக்கு" என்றார். "அது போவாது. போவும்னு நீரு காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆனா நீரு வாசிச்சுத்தான் போட்டேன்னு சொன்னீரு பாரும், அன்னைக்குப் பொய் சொல்லியிருந்தா உம்ம பக்கத்துல ஒரு நாளும் உக்காந்திருக்க மாட்டேன்."

அவர் சீவிக்கொண்டிருந்த நாற்காலிக் காலைத் திரும்பவும் குதிரையில் மாட்டி மிதித்தார். நானும் என்னுடையதை எடுத்தேன். அன்றைக்கு விளக்கு வைக்கும்வரை இரண்டு பேரும் வேலை செய்தோம்.